சாட்சியின் சார்பும் தொழிலாளியின் நஷ்டஈடும்

(பாடாலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில் பாடாலூரைக் கடந்து போகும் எவரும், சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற நிலங்களுக்கு இடையே, வெட்டுண்டு நிற்கும் பாறைகளையும், ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலிருந்து எழுந்து படியும் வெண்துகளையும் காணத் தவறமாட்டார். கிழக்கே அரியலூர்ப் பக்கம் திரும்பினாலோ, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் அவற்றை நம்பி நிற்கும் சிமெண்டு ஆலைகளும் கண்ணில் படும். கல்லை நம்பி இத்தனை குடும்பங்கள் வாழும் பிரதேசத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முகவுரை அதிகம் தேவையில்லை. ஆயினும் அச்சட்டத்தின் பொதுவான பெருமைகளை விட்டுவிட்டு, அதன் மூலையில் கிடக்கும் ஒரே ஒரு பிரச்சினையை இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நஷ்டஈட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தவர், அந்தச் சாய்வுக்குக் காரணம் என்ன என்பதை எடுத்துக்காட்ட ஒரு கட்சிக்காரர் முயலும்போது, அது வழக்குக்குப் புறம்பானது என்று சொல்லி விசாரணை அதிகாரி அந்த வாசலை அடைத்துவிட்டால், அந்தத் தவற்றுக்கு உயர்நீதிமன்றத்தில் பரிகாரம் உண்டா, உண்டெனில் எந்த வழியில் உண்டு என்பதே அப்பிரச்சினை.

சட்டத்தின் பூர்வ சரித்திரத்தை விரித்துரைக்க அவகாசமில்லை. ஜெர்மனியில் 1884-இலும் இங்கிலாந்தில் 1897-இலும் சட்டமாகிய ஒரு புதுக் கொள்கை, 1923-இல் இந்தியச் சட்டசபையில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய பாரத்தைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கி, வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்தது என்று காட்டினாலே போதும் என்று வைத்ததுதான் அக்கொள்கையின் சாரம். 2010 ஜனவரி 18 முதல் அச்சட்டம் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்துக்குள் அடங்கிவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகள் யாவும் பழைய சட்டத்தின் பேரில் எழுந்தவை ஆதலால், விசாரணை அதிகாரிக்கு ஆணையர் என்ற பழைய பெயரையும், பழைய பிரிவு எண்களையுமே இங்கே வழங்குவேன்.

முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று ஆனவுடன் தகராறு ஒழிந்துவிடும் என்று அக்காலத்தில் நம்பியவர்கள் உண்டு. ஒழியவில்லை, இடம் மாறியது. அந்த ஆள் என் தொழிலாளியே இல்லை, அந்த நேரத்தில் வேலைத்தலத்திலேயே இல்லை என்ற இரண்டு மறுப்புகள் குற்றமறுப்பு நின்ற இடத்தில் வந்து நின்றன. ஒரிஸ்ஸாவில் 1968 ஜூலை 6 அன்று, கட்டிக்கொண்டிருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தபோது, கொட்டகைக்கு உடையவர் சொன்ன பதில், அவர் எப்போதோ வந்து போகும் காண்ட்ராக்டர் என்பதுதான். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று பிரசித்தி பெற்ற அந்த வழக்கில் நால்வர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அப்பதிலை ஏற்கவில்லை. தச்சர் வேலைக்கு ஒரு கை போதாது, ஆதலால் அது முழு ஊனமே என்றும், நஷ்டஈடு விபத்து நேர்ந்த நாளிலேயே செலுத்தத் தக்கதாகிவிடுகிறது என்றும் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1961 டிசம்பரில் துவாரகா என்ற கப்பலிலிருந்து நடுக்கடலில் காணாமற்போன ஒரு மாலுமியின் தந்தை தொடுத்த வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்றம் அளித்த நஷ்டஈட்டை 1969-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. விபத்துக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை நிரூபிக்கும் பாரம் கேட்பவரையே சேர்ந்தது, அது இங்கே நிறைவேறவில்லை என்பது காரணம். சட்டத்தைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் குறை காண நான் துணியமாட்டேன். ஆனால் கரையில் இருந்த தந்தைக்குக் கப்பலுக்குள் நடந்ததை யார் மூலம் நிரூபிக்க இயலும் என்பதைச் சற்றே யோசித்துப் பாருங்கள்: கண்டவர்களும் கம்பெனியின் ஆட்கள், பதிவு செய்தவர்களும் கம்பெனியின் ஆட்கள்.

கல்குவாரியும் அத்தகைய ஒரு கப்பல்தான். விபத்து நேர்ந்த கணத்தில் அங்கே நிற்பவர்கள் மேஸ்திரி, கம்ப்ரஷர் ஓட்டுபவர், டிப்பர் டிரைவர், எடை மேடைக் குமாஸ்தா ஆகியோரே. அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு எவருடைய கையில் இருக்கிறதோ அவருக்கு விரோதமாகத்தான் அவர்கள் உண்மை பேச வேண்டியிருக்கிறது. அவர்களைப் பழித்துப் பேச நான் வரவில்லை. அடுத்த வாரக் கூலியை நினைத்துக்கொண்டு கூண்டில் ஏறுகிற மனிதனிடம் அரிச்சந்திரனை எதிர்பார்ப்பது நமக்கு எளிது, அவனுக்கு எளிதன்று.

விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். இது எந்த ஊரிலும் நடந்த வழக்காக நான் சொல்லவில்லை. முப்பது வயதான துளைபோடும் தொழிலாளி ஒருவர், மேலிருந்து சரிந்த கல்லின் கீழ் அகப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போகிறார். 2020 முதல் கணக்கிடத் தக்க மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய்; அதில் 60 சதவீதம் 9,000; முப்பது வயதுக்கு நான்காம் அட்டவணை விதிக்கும் காரணி 207.98, இரண்டையும் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இத்தகைய நிரந்தர முழு ஊனத்தில், குடித்திருந்தார், கட்டளையை மீறினார் என்ற எதிர்வாதங்களுக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே முதலாளிக்கு எஞ்சியிருப்பது ஒரே வழி. மேஸ்திரி கூண்டில் ஏறி, அந்த ஆள் அன்று வேலைக்கே வரவில்லை, இருசக்கர வண்டியில் வீட்டுக்குப் போகும்போது சாலையில் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன் என்கிறார். குறுக்கு விசாரணையில் தொழிலாளியின் வக்கீல், போன மாதம் முதலாளியிடம் பெரிய தொகை முன்பணமாக வாங்கினீர்கள் அல்லவா என்றும், உங்கள் குடும்பத்துக்கும் மனுதாரர் குடும்பத்துக்கும் கிணற்றுப் பாத்தியதை குறித்துத் தீராத பகை உண்டல்லவா என்றும் கேட்கிறார். மேஸ்திரி இரண்டையும் மறுக்கிறார். பகையை நேரில் அறிந்த பெட்டிக்கடைக்காரரைச் சாட்சியாக அழைக்கவும், முன்பணக் கணக்கைச் சம்மன் அனுப்பி வரவழைக்கவும் வக்கீல் அனுமதி கோருகிறார். நாம் விசாரிப்பது விபத்தை, உங்கள் ஊர்க் கிணற்றை அல்ல என்று சொல்லி ஆணையர் இரண்டையும் நிராகரித்துவிட்டு, மேஸ்திரியின் வார்த்தையை நம்பி மனுவைத் தள்ளுபடி செய்கிறார்.

ஆணையர் சொன்னது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். வழக்கோடு சம்பந்தமில்லாத கிளைக் கதைகள் விசாரணையை விழுங்கிவிடக் கூடாது என்ற கவலை நீதிபதிகளுக்கு எப்போதும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வகுத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனுக்கும் அக்கவலை இருந்தது. ஆகையால்தான், சாட்சியின் நாணயத்தைச் சோதிப்பதற்காக மட்டும் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் மறுத்துப் பதில் சொல்லிவிட்டால், அதைப் பொய்யாக்க வேறு சாட்சியம் கொண்டுவரக் கூடாது என்று 153-ஆம் பிரிவில் பொது விதி செய்தார். நேர்மையின்மைக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டீர்களா என்று கேட்டு, சாட்சி அதை மறுத்தால், ஆம் என்று காட்ட ஆள் கொண்டுவர முடியாது. அப்பிரிவின் உதாரணங்களில் ஒன்று அதையே சொல்கிறது. ஆனால் அந்த விதிக்கு இரண்டு விலக்குகளை அவரே வைத்தார். முன்பு குற்றத் தண்டனை அடைந்ததை மறுத்தால் அதை நிரூபிக்கலாம் என்பது முதலாவது. சாட்சியின் நடுநிலையைத் தாக்கும் கேள்வியை அவர் மறுத்தால், அவரைப் பொய்யராக்க வேறு சாட்சியம் கொண்டுவரலாம் என்பது இரண்டாவது. இரண்டாவது விலக்குக்கு அவர் தேர்ந்தெடுத்த உதாரணம் எது தெரியுமா? தாம் எவருக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறாரோ அவருடைய குடும்பத்தோடு தம் குடும்பத்துக்கு இரத்தப் பகை இல்லையா என்று கேட்கப்பட்டு, இல்லை என்று மறுக்கும் சாட்சி. நம்முடைய மேஸ்திரிக்காகவே எழுதி வைத்தாற்போல் இருக்கிறது! லஞ்சமோ வேறு தகாத ஆதாயமோ பெற்றவர் என்று காட்டி நம்பகத்தைக் குலைப்பதற்கு 155-ஆம் பிரிவு தனியே இடம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இவை 156, 158 என்று எண் மாறியிருக்கின்றனவே தவிர, பொருள் மாறவில்லை.

நாணயத்துக்கும் நடுநிலைக்கும் இடையேயுள்ள இந்த வேற்றுமையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1836-இல் நடந்த ஒரு கடன்பத்திர வழக்கில், பத்திரத்துக்குச் சாட்சியான வேலைக்காரப் பெண்ணிடம், வாதியோடு உமக்குத் தகாத உறவு உண்டல்லவா என்று கேட்டார்கள்; அவர் மறுத்தார்; அம்மறுப்பைப் பொய்யாக்கச் சாட்சியம் அனுமதிக்கப்பட்டது. 1847-இல் ஹிட்ச்காக் என்ற மால்ட் வியாபாரி, உரிமம் பெறாத தொட்டியில் வாற்கோதுமையை ஊறவைத்ததாகச் சர்க்கார் தொடுத்த வழக்கில் வேறு விதமான கேள்வி எழுந்தது. தொட்டியைப் பயன்படுத்தினார் என்று சொல்வதற்கு அதிகாரிகள் 20 பவுன் தருவதாகச் சொன்னார்கள் என்று நீர் முன்பு எவரிடமோ கூறவில்லையா என்று சர்க்கார் தரப்புச் சாட்சியிடம் கேட்க, அவர் இல்லை என்றார். அவர் அப்படிக் கூறியதை நிரூபிக்க நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஒருவன் பணம் தருவதாகச் சொன்னது சாட்சியின் மனத்தைச் சாய்த்ததாகாது. அவர் வாங்கிக்கொண்டிருந்தால் வேறு விஷயம் என்பது நியாயம். இத்தீர்ப்பை நம் இளம் வக்கீல்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். முதலாளி முன்பணம் தருகிறேன் என்றார் என்பதற்கும், மேஸ்திரி அதை வாங்கினார் என்பதற்கும் இடையேயுள்ள தூரம், வழக்கை வெல்வதற்கும் தோற்பதற்கும் இடையேயுள்ள தூரமாகிவிடலாம்.

இங்கே சரித்திரத்தில் இன்னும் ஒரு படி பின்னே செல்ல அனுமதியுங்கள். என் பேச்சின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஒரு காரியத்தில் பற்றுள்ளவனை அக்காரியத்திலிருந்தே விலக்கி வைப்பதுதான் பழைய உலகத்தின் வழி. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமின்றி அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கி வைத்தன. ஆங்கில நீதிமன்றங்களும் வழக்கின் முடிவில் லாப நஷ்டம் உள்ளவனைக் கூண்டிலே ஏற்றவே மறுத்து வந்தன. அந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது: உண்மையை அறிந்தவர்கள் பெரும்பாலும் பற்றுள்ளவர்களே ஆதலால், பற்றுள்ளவர்களை விலக்கியபோது உண்மையும் கூடவே விலகிப் போயிற்று. 1843-இல் டென்மன் பிரபு கொண்டுவந்த சட்டம் பற்றுள்ள சாட்சிகளுக்கும், 1851-இன் சட்டம் கட்சிக்காரர்களுக்குமே கூண்டைத் திறந்துவிட்டன. நம் 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கூடிய எவரும் சாட்சியாகலாம் என்று வைத்தது. அவ்வாறு திறந்துவிட்டபோது சட்டம் ஒரு நிபந்தனையையும் உடன் வைத்தது: பற்றுள்ளவன் பேசலாம், ஆனால் அவனுடைய பற்று என்ன என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் மேஸ்திரியைக் கூண்டிலே ஏற்றிவிட்டு, அவருடைய பகையையும் முன்பணத்தையும் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஆணையர், சீர்திருத்தத்தின் பயனை ஒரு தரப்புக்குக் கொடுத்துவிட்டு, அதன் விலையை அத்தரப்பிடம் வாங்காமல் விட்டுவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய நீதிபதி அந்த மேஸ்திரியைக் கூண்டேறவே விடாதிருந்திருக்கக் கூடும். அதுகூடத் தொழிலாளிக்கு இதைவிட மேலாக இருந்திருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன்.

முதலாளி தரப்பிலிருந்து இதற்கு ஒரு சமாதானம் வரும். ஆணையரின் விசாரணை சுருக்கமான விசாரணை. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் அவரைக் கட்டுப்படுத்தா என்பார்கள். சத்தியப் பிரமாணத்தின் மேல் சாட்சியம் வாங்கவும், சாட்சிகளை வரவழைக்கவும், தஸ்தாவேஜுகளைக் கொண்டுவரச் செய்யவும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்களை நஷ்டஈட்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது என்பது ஒருபுறமிருக்கட்டும். சாட்சியச் சட்டம் பொருந்தாது என்றே வைத்துக்கொண்டாலும், டி.ஆர். வர்மா வழக்கில் 1957-இல் உச்சநீதிமன்றம் சொன்னதற்கு அவர்களிடம் பதிலில்லை. சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாத விசாரணைகளிலும், தான் நம்பியிருக்கும் பொருத்தமான சாட்சியம் அனைத்தையும் கொண்டுவர ஒரு கட்சிக்கு வாய்ப்பளிப்பதும், எதிர்க்கட்சியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விடுவதும் இயற்கை நீதியின் அம்சங்கள் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. அதை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் கரைகண்டு, டி.கே. பட்டம்மாளுக்கே அவற்றைக் கற்பித்த அந்த நீதிபதியை, நம்மவர்கள் சங்கீத சபைகளில் நினைவுகூரும் அளவுக்கு நீதிமன்றங்களில் நினைவுகூருவதில்லை.

இனி மேல்முறையீடு. நஷ்டஈட்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி அறுபது நாட்களுக்குள் உயர்நீதிமன்றம் செல்லலாம்; முதலாளி செல்வதானால், விதிக்கப்பட்ட தொகையைக் கட்டிவிட்டார் என்ற ஆணையரின் சான்றிதழோடுதான் செல்ல வேண்டும். சாரமான சட்டப் பிரச்சினை ஒன்று அடங்கியிருந்தாலன்றி மேல்முறையீடு கிடையாது என்பதே அப்பிரிவின் கதவு. நிகழ்ச்சிகளைப் பற்றிய முடிவில் ஆணையரே இறுதி அதிகாரி என்று கோல்லா ராஜண்ணா வழக்கில் 2016-இல் உச்சநீதிமன்றம் சொல்லி, ஊனத்தின் அளவை மறுபடி நிறுத்துப் பார்த்த உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. அதுவோ தொழிலாளிக்கு அனுகூலமான தீர்ப்பு. ஆனால் அதே வாள், மேஸ்திரியை நம்பிவிட்டேன் என்று ஆணையர் எழுதிவிட்டால், தொழிலாளியின் கழுத்திலும் விழும். மேஸ்திரி நம்பத் தகாதவர் என்று உயர்நீதிமன்றத்தில் எத்தனை உருக்கமாக வாதித்தாலும், அது நிகழ்ச்சிப் பிரச்சினை என்ற ஒரே வரியில் வழக்கு முடிந்துபோகும்.

ஆகையால் வாதத்தின் முகத்தைத் திருப்ப வேண்டும். மேஸ்திரியை நம்பியது தவறு என்று சொல்லாதீர்கள். நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு வேண்டிய சாட்சியத்தைச் சட்டம் அனுமதித்திருக்க, ஆணையர் அதை வாங்க மறுத்தார் என்று சொல்லுங்கள். ஒரு சாட்சியத்துக்கு எவ்வளவு எடை என்பது நிகழ்ச்சிப் பிரச்சினை. அந்தச் சாட்சியம் வரலாமா கூடாதா என்பது சட்டப் பிரச்சினை. வரத் தக்கதைத் தடுத்ததனால் ஒரு கட்சி தன் வழக்கை எடுத்துரைக்கும் வாய்ப்பையே இழந்தது என்று காட்டும்போது, அது சாரமான சட்டப் பிரச்சினை ஆகிறது.

இவ்வளவோடு வெற்றி கிட்டிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சாட்சியத்தைத் தவறாக அனுமதித்ததோ தவறாக நிராகரித்ததோ, அதனாலேயே தீர்ப்பைக் கவிழ்க்கப் போதாது. நிராகரித்ததை வாங்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றால் தீர்ப்பு நிற்கும் என்று சாட்சியச் சட்டத்தின் பழைய 167-ஆம் பிரிவு, இப்போதைய 169-ஆம் பிரிவு, கூறுகிறது. நியாயமான விதிதான். அன்றைய வருகைப் பதிவேட்டில் மனுதாரரின் பெயர் இல்லை, மருத்துவமனைக் குறிப்பில் சாலை விபத்து என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார் என்றால், மேஸ்திரியின் பகையை மெய்ப்பிப்பதால் என்ன பயன்? ஆனால் பதிவேடும் அதே மேஸ்திரி எழுதியது, வேறு சாட்சியே கிடையாது, தீர்ப்பு முழுவதும் அவருடைய ஒரு வார்த்தையின் மேல் நிற்கிறது என்றால், முடிவு மாறியிருக்காது என்று எவர் சொல்ல முடியும்? நடுநிலையின்மை ஒரு சாட்சியத்தின் ஒரு பகுதியை மட்டும் அரித்துவிட்டு மற்றதை விட்டுவைப்பதில்லை. முத்துப்பேட்டையில் ஒரு தேநீர்க் கடைக்காரர் கொலையுண்டதிலிருந்து எழுந்த வடிவேலு தேவர் வழக்கில், ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் அவர் முற்றிலும் நம்பத் தக்கவராக இருக்க வேண்டும் என்று 1957-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஒற்றைச் சாட்சியை அவ்வாறு நிறுத்துப் பார்க்க வேண்டிய தராசின் ஒரு தட்டை ஆணையரே கழற்றி வைத்துவிட்டார் என்பதே நம் வாதம்.

இந்தச் சொற்பொழிவில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பதிவைப் பற்றி நான் சொல்லப் போவதை இளம் வக்கீல்கள் மறக்கலாகாது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, சாட்சி சொல்வதன் சாரத்தை மட்டும் ஆணையர் சுருக்கக் குறிப்பாக எழுதிக்கொண்டால் போதும். மருத்துவச் சாட்சியை மட்டுமே ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். நம் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணைக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ‘எனக்கும் மனுதாரர் குடும்பத்துக்கும் பகை உண்டு என்றால் சரியல்ல’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த வரி மேஸ்திரியின் மறுப்பைக் காட்டுகிறதேயன்றி, பகையைக் காட்டவில்லை. வக்கீலின் கேள்வி எக்காலத்திலும் சாட்சியமாகாது. கேட்கவே விடாமல் தடுத்த கேள்வியோ அந்த ஒரு வரியையும் பெறாமல் காற்றில் கரைந்துவிடும். மேல்முறையீட்டு நீதிபதி காகிதத்தைப் பார்த்தே பேசுகிறார். காகிதத்தில் இல்லாத கேள்வி அவரைப் பொறுத்தவரை கேட்கப்படாத கேள்வி.

ஆகவே, கேள்வியை ஆணையர் தடுத்த அந்தக் கணத்திலேயே, கேள்வியையும் ஆட்சேபத்தையும் உத்தரவையும் பதிவு செய்யும்படி பணிவோடு கேளுங்கள். மறுத்தால், அன்று மாலைக்குள் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள். இன்னாரை அழைக்க விரும்பினோம், அவர் இன்னதைச் சொல்லியிருப்பார், இந்தப் பிரிவின்படி அது வரத் தக்கது என்று அதில் எழுதுங்கள். பெட்டிக்கடைக்காரருக்காகவும் முன்பணக் கணக்குக்காகவும் தனித்தனியே எழுத்து மூலமான மனுக் கொடுத்து, எழுத்து மூலமான உத்தரவை வாங்குங்கள். பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் 2001-இல் உச்சநீதிமன்றம் குற்ற விசாரணைகளுக்கு ஒரு நல்ல யோசனை சொன்னது: ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு, சாட்சியத்தைத் தற்காலிகமாக வாங்கி வைத்து, தகுமா தகாதா என்பதை முடிவில் தீர்மானித்தால், மேல்நீதிமன்றம் மாறுபட்டாலும் வழக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது என்பது அதன் கருத்து. கேள்விகளைப் பொறுத்தமட்டில், ஆட்சேபத்தை உடனுக்குடன், அல்லது அந்தச் சாட்சியின் வாக்குமூலம் முடியும்போதாவது தீர்மானித்துவிட வேண்டும் என்று 2021-இல் அதே நீதிமன்றம் திருத்திச் சொன்னது. நீண்ட குற்ற வழக்குகளுக்கு அது சரியாக இருக்கலாம். நஷ்டஈட்டு விசாரணைக்கு 2001-ஆம் ஆண்டு முறையே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பெட்டிக்கடைக்காரரின் அரைமணி நேரச் சாட்சியத்தை வாங்கி வைப்பதால் எந்த ஆணையரின் நாளும் பாழாகிவிடாது.

சாய்வு முதலாளி பக்கத்துச் சொத்து மாத்திரம் என்று நான் சொன்னதாக எவரும் கொள்ள வேண்டாம். காயம்பட்டவருக்கு ஒரு நாளும் சிகிச்சை செய்யாமல், கேட்ட சதவீதத்தில் ஊனச் சான்றிதழ் எழுதித் தரும் மருத்துவர்களைப் பற்றி, ராஜ்குமார் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி ரவீந்திரன் 2010-இல் கடுமையாகவே எச்சரித்தார். அது மோட்டார் விபத்து வழக்கு. எச்சரிக்கையோ நஷ்டஈடு கேட்கும் எல்லா இடங்களுக்கும் உரியது. அத்தகைய மருத்துவரிடம், இந்த வக்கீலின் கட்சிக்காரர்களுக்கு இதுவரை எத்தனை சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்டால், அந்தக் கேள்வியையும் தடுக்கக் கூடாது. தம் சொந்த நஷ்டஈட்டு மனு நிலுவையிலிருக்கும் சக தொழிலாளி சாட்சிக்கும் இதே நீதிதான். உறவினர் என்பதனாலேயே சாட்சி பற்றுள்ளவர் ஆகிவிடமாட்டார் என்று கல்கி என்பவரைப் பற்றிய ராஜஸ்தான் வழக்கில் 1981-இல் உச்சநீதிமன்றம் பிரித்துக் காட்டியதும் இரு தரப்புக்கும் பொது. எல்லை மீறி, அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்விகளைத் தடுக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு; அதை மறுப்பவர் எவருமில்லை.

அமெரிக்காவில் 1984-இல் தீர்ந்த ஏபெல் வழக்கு இந்த எல்லையை நன்றாகக் காட்டுகிறது. வங்கிக் கொள்ளை வழக்கில் எதிரிக்காகச் சாட்சி சொன்ன ஒருவர், எதிரியோடு சேர்ந்து, ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்வதையே விரதமாகக் கொண்ட சிறைக்கூட்டம் ஒன்றில் அங்கத்தினர் என்று காட்டச் சர்க்கார் தரப்பு அனுமதி பெற்றது. கூட்டத்தின் பெயரைச் சொல்ல விடாமல் அதன் தன்மையை மட்டும் சொல்ல விட்டார் விசாரணை நீதிபதி. அந்நாட்டுக் கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில் பட்சபாதம் என்று பெயர் சொல்லி ஒரு விதியும் அப்போது இல்லை. இருந்தும் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, சாட்சியின் சாய்வு ஏறக்குறைய எப்போதும் பொருத்தமான விஷயமே என்றார்கள். பெயர் சொல்லியே விதி வைத்திருக்கும் நமக்கு அதைவிடத் தயக்கம் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, உயர்நீதிமன்றம் நம் வாதத்தை ஏற்றுக்கொண்டால் என்ன செய்யும் என்பது. தீர்ப்பை ரத்து செய்து, முழு வழக்கையும் புதிதாக விசாரிக்கும்படி ஆணையருக்குத் திருப்பி அனுப்புவதே வழக்கமான உத்தரவு. இடுப்புக்குக் கீழே செயலற்றுக் கிடப்பவருக்கு அந்த உத்தரவு வெற்றியின் பெயரால் வந்த தண்டனையாகவே முடியும். மூன்று மாதங்களுக்குள் ஆணையர் முடிவு செய்ய வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் 25-ஏ பிரிவில் கூறியிருந்தும், மறு விசாரணை என்றால் மறு சம்மன், மறு வாய்தா, அதற்குள் ஊரைவிட்டே போய்விட்ட சாட்சி என்றுதான் காரியம் நீளும். 12 சதவீத வட்டி ஏறிக்கொண்டிருப்பது உண்மையே. ஆனால் தீர்ப்பு வரும்வரை அந்த வட்டியைக் கொண்டு மருந்து வாங்க முடியாது. மேல்முறையீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விடுபட்ட சாட்சியத்தை மட்டும் எடுத்து அனுப்பும்படி கீழ் நீதிமன்றத்தைப் பணிக்கும் முறை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளையில் நெடுங்காலமாக இருக்கிறது. நஷ்டஈட்டு மேல்முறையீட்டிலும் அந்த முறையையே நாம் கேட்க வேண்டும். பெட்டிக்கடைக்காரரை விசாரித்து, முன்பணக் கணக்கை வரவழைத்து, மேஸ்திரியைத் திரும்பவும் கூண்டேற்றி இவ்விரண்டைப் பற்றி மட்டும் கேட்டு, வாக்குமூலங்களை ஒரு கெடுவுக்குள் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கும்படி ஆணையருக்கு உத்தரவிட வேண்டும் என்று மேல்முறையீட்டு மனுவின் பிரார்த்தனையிலேயே எழுதிவிடுங்கள். வாதத்தின் முடிவில் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.